பாலில் கலக்க வேண்டாம், அம்மா

திருச்சிப் பக்கத்து ஊரிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு ஒரே மகன், வயது 27. கணவர் காலமாகிவிட்டார். மகனுக்குப் பெங்களூரில் மென்பொருள் வேலை. அங்கே சனிக்கிழமை இரவு விருந்துகளில் கொக்கைன் பழகியிருக்கிறான். அதன் படபடப்பு அடங்கித் தூக்கம் வருவதற்காக நண்பன் ஒருவன் கொடுத்த டேபென்டடால் என்ற வலி மாத்திரை, ஆறே மாதத்தில் கொக்கைனை முந்திக்கொண்டது. இரண்டு ஆண்டுகளாக நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மாத்திரைகள். ஊசியாகப் போட்டுக்கொள்வதில்லை. வேலை போய், நான்கு மாதமாக அம்மாவுடன் இருக்கிறான். கையில் பணம் சேர்ந்தால் பெங்களூருக்கு பஸ் ஏறிவிடுகிறான். அங்கே மறுபடி கொக்கைன். சென்ற ஆண்டு ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் 30 நாள் இருந்து, உடம்பு தேறித் திரும்பினான். பதினோராம் நாள் மாத்திரை அட்டை சட்டைப் பையில் இருந்தது.

அம்மா நூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கி, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, ‘மருந்து, எதற்கு, எத்தனை நாள்’ என்று மூன்று பத்தி பிரித்து, இணையத்தில் படித்ததையெல்லாம் எழுதி வந்திருக்கிறார். அதில் நான்கு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் நால்ட்ரெக்ஸோன் என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு. பக்கத்தில், ‘இதைச் சாப்பிட்டால் போதை ஏறாது. காலையில் பாலில் கலந்துவிடலாம்’. இணையம் வழியாக ஓர் அட்டை வாங்கியும் வைத்துவிட்டார். கலக்கும் முன் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறார். கூடவே வேறு கேள்விகளும். அபின் வகைப் போதைக்குச் சிகிச்சையாகத் தரும் பியூப்ரனார்ஃபின் மாத்திரையைக் கொடுப்பது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே? கொக்கைனுக்குத் தடுப்பூசி வந்துவிட்டதாக அமெரிக்காவிலிருக்கும் உறவினர் சொல்வது உண்மையா? மகனை ஏதாவது மருந்து ஆராய்ச்சியில் சேர்க்க முடியுமா? வேன் அனுப்பி ஆளை அழைத்துப் போகும் மையம் ஒன்றைச் சொல்கிறார்களே, அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா,

மற்ற பதில்களைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் அந்த நால்ட்ரெக்ஸோன் அட்டை. அதைப் பாலிலோ ரசத்திலோ கலக்காதீர்கள். அரை மாத்திரைகூட வேண்டாம். கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நிதானித்தீர்களே, அதற்காக உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மூளையில் அபின் வகை மருந்துகள் போய் உட்காருவதற்கென்று இருக்கைகள் போன்ற சில இடங்கள் உண்டு. உங்கள் மகன் விழுங்கும் டேபென்டடாலும் அந்த வகைதான். இரண்டு ஆண்டுகளாக அந்த இருக்கைகள் நிறைந்தே இருந்து அவன் உடம்பு பழகிவிட்டது. நால்ட்ரெக்ஸோன் உள்ளே போனால், உட்கார்ந்திருப்பதை இழுத்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகு எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும். மாத்திரையைத் தானாக நிறுத்தினால் நாலைந்து நாளில் பரவி வரக்கூடிய அவஸ்தை முழுவதும், அப்போது ஒரு மணி நேரத்துக்குள் மொத்தமாக வந்து விழும்.

அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞரை அவருடைய அண்ணன் தோளில் போட்டுக்கொண்டு அவசரப் பிரிவுக்குள் ஓடி வந்தார். உடம்பு முழுவதும் உரித்த கோழியைப்போலப் புல்லரித்திருந்தது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்கவே இல்லை. தூக்கி வந்த அண்ணனையே அடையாளம் தெரியாமல் யாரென்று கேட்டார். மதியச் சாப்பாட்டில் மனைவி மாத்திரையைப் பொடித்துக் கலந்திருந்தார். அவரும் உங்களைப்போல நல்லெண்ணத்தில்தான் செய்தார். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றி ஆளைத் தேற்றிவிட்டோம். ஆனால் அதன் பிறகு பல மாதங்கள் அவர் வீட்டில் சாப்பிடவில்லை. கடையில் பரோட்டா வாங்கித் தின்றார். மனைவி தண்ணீர் கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்தார். சிகிச்சைக்கு மனைவியின் துணை மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அந்தத் துணை இல்லாமல் போய்விட்டது.

உயிருக்கே ஆபத்தான இன்னொன்றும் உண்டு. அந்த அவஸ்தை தாங்காமல் அவன் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு மாத்திரையை விழுங்கக்கூடும். நால்ட்ரெக்ஸோனின் பிடி தளரும் நேரத்தில் அத்தனையும் சேர்ந்து மூச்சை நிறுத்திவிடும்.

நால்ட்ரெக்ஸோன் கெட்ட மருந்து அல்ல. அபின் வகைப் போதைக்கு அமெரிக்காவில் 1984இலேயே அனுமதி பெற்றது. மாதம் ஒருமுறை போடும் ஊசியாகவும் அங்கே இருக்கிறது. ஆனால் அதைத் தொடங்க ஏழு முதல் பத்து நாள்வரை உடம்பில் அபின் வகை எதுவும் இருக்கக் கூடாது; நோயாளி தெரிந்து, விரும்பி எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்காவில் 570 பேரை வைத்து நால்ட்ரெக்ஸோன் ஊசியையும் பியூப்ரனார்ஃபினையும் ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளியானது. ஊசிக்கென்று ஒதுக்கப்பட்டவர்களில் 100க்கு 28 பேரால் முதல் ஊசி போடும் கட்டத்தையே எட்ட முடியவில்லை. பியூப்ரனார்ஃபின் பக்கம் தொடங்க முடியாதவர்கள் 100க்கு 6 பேர்தான். தொடங்கிவிட்டவர்களிடம் மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. உங்கள் மகனுக்கும் பின்னால் ஒருநாள் அது பொருந்தலாம். அதை அவனும் மருத்துவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும்.

நோட்டில் ஒரு சின்னத் திருத்தமும் செய்துவிடுங்கள். இரண்டாம் பக்கத்தில் நலாக்ஸோனையும் நால்ட்ரெக்ஸோனையும் ஒரே மருந்தாக எழுதியிருக்கிறீர்கள். பெயர்தான் ஒன்றுபோல ஒலிக்கிறது. நலாக்ஸோன், அளவு மீறி மூச்சு அடங்கிப் போகிறவரை மீட்க அவசரத்தில் கொடுப்பது. அதன் வேலை அரை மணி, ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நால்ட்ரெக்ஸோன் ஒரு நாளுக்குக் குறையாமல் உடம்பில் தங்குவது.

ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத குடும்பமே இல்லை. ‘மாத்திரையை விடத்தானே டாக்டர் உங்களிடம் வந்தோம், நீங்களும் மாத்திரைதானே கொடுக்கிறீர்கள்’ என்பார்கள். நியாயமான சந்தேகம்தான்.

பியூப்ரனார்ஃபினும் அதே இருக்கையில்தான் போய் உட்காருகிறது. ஆனால் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். உடம்பின் அவஸ்தையை அடக்கும், ஏக்கத்தைத் தணிக்கும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் அதன் விளைவு அதற்கேற்ப ஏறிக்கொண்டே போகாது. மூச்சை நிறுத்தும் ஆபத்து மற்ற அபின் மருந்துகளைவிடக் குறைவாக இருப்பதற்கு இதுதான் காரணம். இருக்கையை இறுகப் பிடித்துக்கொள்வதால், மேலே டேபென்டடால் போட்டாலும் பழைய மயக்கம் பெரிதாக வராது. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. பெரும்பாலும் நலாக்ஸோன் சேர்த்தே வருகிறது. நாக்கின் கீழ் கரையும்போது நலாக்ஸோன் உடம்பில் அவ்வளவாகச் சேராது. கரைத்து ஊசியில் ஏற்றினால் மட்டும் அது விழித்துக்கொண்டு அவஸ்தையைக் கிளப்பும். அப்படிச் செய்யாமல் தடுப்பதற்காகவே சேர்த்திருக்கிறார்கள்.

முதல் மாத்திரை கொடுக்கும் காலையைச் சொல்கிறேன், நீங்களே மனக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். முந்தின இரவோடு டேபென்டடாலை நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருப்போம். வரும்போது மூக்கு ஒழுகும். கொட்டாவி மேல் கொட்டாவி. கண்ணில் நீர் கட்டும். சித்திரை வெயிலிலும் போர்வை கேட்பார்கள். முழங்காலுக்குக் கீழே குடைகிறது என்று காலை உதறிக்கொண்டே இருப்பார்கள். அந்த அறிகுறிகள் நன்றாகத் தெரிந்த பிறகுதான் மாத்திரையைக் கொடுப்போம். அவசரப்பட்டுக் கொடுத்தால், நால்ட்ரெக்ஸோன் செய்ததைப் பியூப்ரனார்ஃபினும் ஓரளவு செய்துவிடும். நாக்கைத் தூக்கி அடியில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்காரச் சொல்வோம். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் கரையும். சிலருக்கு முக்கால் மணி நேரத்தில் கால் உதறல் நிற்கும். போர்வை தோளிலிருந்து நழுவும். ‘ஒரு டீ கிடைக்குமா சிஸ்டர்?’ என்று கேட்பார்கள். அந்த டீயைக் கேட்கும் முகத்தில் போதை இருக்காது அம்மா. பல மாதங்களுக்குப் பிறகு உடம்பு ஒரு வேளை சும்மா இருக்கிற ஆறுதல்தான் இருக்கும்.

உடம்பு ஒரு மருந்துக்குப் பழகியிருப்பது வேறு, ஒருவனுடைய நாள் முழுவதையும் ஒரு பொருள் பறித்துக்கொள்வது வேறு. உங்கள் மகன் காலையில் எழுந்ததும் எந்தக் கடை, எந்தப் பொய், யாரிடம் கடன் என்றுதானே யோசிக்கிறான்? அந்த ஓட்டத்தை நிறுத்துவதற்குத்தான் இந்த மருந்து. பியூப்ரனார்ஃபினுக்கும் உடம்பு பழகும், திடீரென நிறுத்தினால் அதற்கும் அவஸ்தை வரும் என்பதை மறைக்க மாட்டேன். மலச்சிக்கல், வியர்வை, தலைவலி வரலாம். பல் சொத்தையாகலாம் என்பதால் மாத்திரை கரைந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்க வேண்டும். தூக்க மாத்திரையோ மதுவோ இதோடு சேரவே கூடாது. சேர்ந்தால் மூச்சு அடங்கிப் போகும்.

எத்தனை நாள் என்பதுதான் உங்கள் நோட்டின் மூன்றாம் பத்தி. அதில் எல்லா மருந்துக்கும் நேராக 21, 30, 45 என்று எழுதியிருக்கிறீர்கள். நான் திருத்த விரும்பும் முக்கியமான இடம் அதுதான். 2003இல் சுவீடனில் ஒரு சிறிய ஆய்வின் முடிவு வெளியானது. ஹெராயினுக்கு அடிமையான 40 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். 20 பேருக்கு ஓராண்டு முழுவதும் தினமும் பியூப்ரனார்ஃபின். மற்ற 20 பேருக்கு ஆறே நாளில் மருந்தைக் குறைத்து நிறுத்திவிட்டு, பிறகு வெற்று மாத்திரை. ஆலோசனையும் குழுச் சந்திப்பும் இரு தரப்புக்கும் ஒன்றேதான். ஆண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் 15 பேர் சிகிச்சையில் இருந்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்களில் ஒருவர்கூட இல்லை. அவர்களில் நான்கு பேர் இறந்துவிட்டார்கள்.

அந்த நான்கு பேரை நான் மறப்பதே இல்லை. உங்கள் மகன் 30 நாள் மையத்திலிருந்து வந்து பதினோராம் நாள் மறுபடி மாத்திரை போட்டானே, அதை அவனுடைய மனஉறுதிக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். உடம்பைக் கழுவி அனுப்பிவிட்டு மருந்து எதுவும் தராமல் விட்டால் பெரும்பாலோருக்கு நடப்பது அதுதான். இன்னும் பயங்கரமான விஷயம், 30 நாள் விலகியிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு பன்னிரண்டு போட்டவன் வெளியே வந்ததும் அதே பன்னிரண்டைப் போட்டால் தூக்கத்திலேயே போய்விடலாம். அன்று அவன் பிழைத்தது உங்கள் அதிர்ஷ்டம்.

ஆகவே மூன்றாம் பத்தியில் ‘குறைந்தது ஓராண்டு, தேவைப்பட்டால் மேலும் பல ஆண்டுகள்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். பிரான்ஸில் 1990களின் நடுவில் சாதாரணக் குடும்ப மருத்துவர்களே பியூப்ரனார்ஃபின் எழுதிக் கொடுக்க வழி செய்தார்கள்; 1995இலிருந்து 1999க்குள் அளவு மீறிய போதையால் இறப்பவர்கள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005இல் மெத்தடோனையும் பியூப்ரனார்ஃபினையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. மெத்தடோன் நியூயார்க்கில் 1960களின் நடுவிலிருந்தே நோயாளிகளைக் காப்பாற்றி வரும் மருந்து. இந்தியாவில் அது மிகச் சில மையங்களில்தான் உண்டு. தொடக்க வாரங்களில் கூடுதல் கண்காணிப்பும் தேவை. உங்கள் மகனுக்கு முதலில் நான் யோசிப்பது பியூப்ரனார்ஃபின்தான்.

சிறுநீர்ச் சோதனைப் பட்டை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடையில் வாங்கிய பட்டையில் ‘ஓபியேட் இல்லை’ என்று வந்ததும் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது மனம் கனத்துவிட்டது. அந்தப் பட்டை மார்ஃபின், ஹெராயின் போன்றவற்றைத்தான் காட்டும். டேபென்டடால் ஆய்வகத்தில் செய்யும் செயற்கை மருந்து; சாதாரணப் பட்டையில் தெரியாது. கொக்கைன் பட்டை அப்படியல்ல, இரண்டு முதல் நான்கு நாள்வரை நம்பகமாகக் காட்டும். ஆனால் கழிப்பறை வாசலில் நின்று மகனைச் சோதிக்கும் வேலை உங்களுக்கு வேண்டாம். அதை மருத்துவமனையிடம் விட்டுவிடுங்கள்.

கொக்கைனுக்கு ஏன் மாத்திரை இல்லை?

உங்கள் நோட்டில் கொக்கைனுக்கு நேராக ஏழு மருந்துகள் இருக்கின்றன: டைசல்ஃபிராம், டோபிராமேட், மோடஃபினில், பாக்லோஃபென், டெசிப்ரமின், இன்னும் இரண்டு. நீங்கள் தேடிப் பிடித்த அளவு சில இளம் மருத்துவர்கள்கூடத் தேடியிருக்க மாட்டார்கள். அத்தனையும் உண்மையாகவே மனிதர்களிடம் சோதிக்கப்பட்டவை. அவற்றில் ஒன்றுகூடக் கொக்கைன் சிகிச்சைக்கென்று அமெரிக்க மருந்து ஆணையத்தின் அனுமதியைப் பெறவில்லை. இந்த நோய்க்கென்று அனுமதி பெற்ற மருந்து இன்றுவரை ஒன்றும் இல்லை என்பதே உண்மை நிலை.

நாற்பது ஆண்டு முயன்றும் ஏன் கிடைக்கவில்லை? அபின் வகைக்கு ஓர் இருக்கை இருந்தது. அதில் சாதுவான வேறொருவரை உட்கார வைக்க முடிந்தது. கொக்கைன் வேலை செய்யும் விதம் வேறு. மூளையில் மகிழ்ச்சியையும் ஆர்வத்தையும் தூண்டும் டோபமின் சுரந்ததும், வேலை முடிந்து மறுபடி உறிஞ்சப்பட வேண்டும். தொட்டியிலிருந்து நீர் வடிவதைப்போல. கொக்கைன் அந்த வடிகாலை அடைத்துவிடுகிறது. தொட்டி நிரம்பி வழிகிறது. வடிகாலில் கொக்கைனுக்குப் பதில் வேறு மருந்தை வைத்தால் அதுவும் வடிகாலை அடைத்து, தானே ஓர் ஊக்கப் பொருளாகிவிடக் கூடும். வடிகாலை விட்டுவிட்டு வேறு வழியில் போன மருந்துகளோ, ஓர் ஆய்வில் பலன் காட்டி அடுத்த ஆய்வில் காட்டாமல் போயின. பல ஆய்வுகளில் வெற்று மாத்திரை பெற்றவர்களும் கணிசமாக முன்னேறிவிட்டார்கள். வாராவாரம் வந்து, ஒருவர் அக்கறையாக விசாரிக்க, சிறுநீர்ச் சோதனைக்கும் உட்படுவதே பாதி சிகிச்சையாகிவிட்டது போலும்.

தடுப்பூசி விஷயத்தில் உங்கள் உறவினர் முழுப் பொய் சொல்லவில்லை. கொக்கைன் மூலக்கூறு மிகச் சிறியது. நம் நோய் எதிர்ப்புச் சக்தி அதைக் கண்டுகொள்ளாது. அதனால் காலரா கிருமியின் நச்சுப் புரதத்தின் தீங்கற்ற ஒரு பகுதியோடு அதை ஒட்டி ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். 2009இல் வெளியான முடிவில், ஊசி போட்டவர்களில் 100க்கு 38 பேருக்குத்தான் போதிய எதிர்ப்பொருள் உண்டானது. அவர்கள் கொக்கைனைக் குறைத்தார்கள் என்பது உண்மை. 2014இல் வெளியான பெரிய ஆய்வு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இப்போது உலவும் செய்தி 2023இல் பேசப்பட்ட பிரேசில் நாட்டு முயற்சி. விலங்குகளில் நம்பிக்கை தந்திருக்கிறது, பரிசும் பெற்றிருக்கிறது. மனிதர்களிடம் பலன் தரும் என்று நிரூபணம் ஆகவில்லை. அதற்காகக் காத்திருந்து இன்று செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மருந்து இல்லை என்றால் சிகிச்சையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கொக்கைனுக்கு இதுவரை மிக நல்ல பலன் தந்தது கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் ஒரு முறை. சோதனையில் கொக்கைன் இல்லை என்று வந்தால் உடனே ஒரு சிறு பரிசுச் சீட்டு. அடுத்த முறையும் இல்லையென்றால் கொஞ்சம் கூடுதல். இருந்தால் பரிசு இல்லை, திட்டும் இல்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் ஹிக்கின்ஸ் குழு இதை 1990களில் சோதித்துக் காட்டியது. 1994இல் வெளியான அவர்களது ஆய்வில், சிகிச்சையோடு சீட்டும் பெற்றவர்களில் 100க்கு 75 பேர் 24 வாரமும் நீடித்தார்கள். சீட்டு இல்லாதவர்களில் 100க்கு 40 பேர்.

வகுப்பறையில் முப்பது ஆண்டு நின்ற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்டு முடிவில் தரும் பெரிய பரிசைவிட, அன்றைக்கே நோட்டில் போடும் ‘நன்று’ பிள்ளையை நகர்த்தும். ‘ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் பைக் வாங்கித் தருகிறேன்’ என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஆறு மாதத்தை ஆறு நாளாக்குங்கள். பணமாகத் தர வேண்டாம். பணம்தான் அவனைப் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றுகிறது.

ஒரு நல்ல செய்தி. உங்கள் கடிதத்தின்படி அவனுடைய தினசரிப் பிரச்சினை டேபென்டடால். கொக்கைன் மாதம் ஒன்றிரண்டு முறை. தினசரி அவஸ்தை அடங்கினால், மற்றதைப் பற்றி அவனோடு உட்கார்ந்து பேச முடியும். ஆனால் கொக்கைன் எடுக்கும் நாளில் நெஞ்சு வலி என்றால் 27 வயதுதானே என்று விட்டுவிடக் கூடாது. அதே இரவில் மதுவும் குடித்தால் இரண்டும் கல்லீரலில் சேர்ந்து இதயத்துக்கு இன்னும் கெடுதலான பொருளாகிறது. அவசரப் பிரிவில் கொக்கைன் எடுத்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொடுக்கும் இதய மருந்தே அதைப் பொறுத்து மாறும்.

ஆராய்ச்சியில் சேர்ப்பது பற்றி

‘எலியைப்போலப் பயன்படுத்திவிடுவார்களோ’ என்று பயந்துகொண்டே கேட்டிருக்கிறீர்கள். நெறிப்படி நடக்கும் ஆராய்ச்சியில் சேர்வது தவறும் இல்லை, இழிவும் இல்லை. சுவீடனில் அந்த 40 பேர் சேர்ந்திராவிட்டால் உங்களுக்கு இந்தப் பதிலை இவ்வளவு உறுதியாக எழுத என்னால் முடிந்திருக்காது. ஆனால் முடிவெடுக்க வேண்டியவன் உங்கள் மகன். மயக்கமோ அவஸ்தையோ இல்லாத நேரத்தில், புரியும் மொழியில் படித்துக் கையெழுத்திட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. மருந்துச் சோதனை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். 2009இலிருந்து இது கட்டாயம். பதிவெண்ணைக் கேட்டு வாங்குங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும். சோதனையால் தீங்கு நேர்ந்தால் மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பணம் கட்டச் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வெற்று மாத்திரை கிடைக்கவும் வாய்ப்புண்டு என்பதை அவன் தெரிந்துகொண்டே சேர வேண்டும். என் கருத்தைக் கேட்டால், கொக்கைனுக்கு இது பொருந்தும். வேறு நிச்சயமான மருந்து இல்லையே. டேபென்டடாலுக்குப் பலன் தெரிந்த மருந்து கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு ஆராய்ச்சியைத் தேடிப் போக வேண்டாம். போதையை விடுவிக்கும் என்று வெளிநாட்டு மையங்கள் விளம்பரம் செய்யும் ஐபோகெயின் என்ற மருந்தின் பக்கமும் போகவேண்டாம். இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

வேனும் போலீஸும்

நான்கு பேர் வந்து ஆளைத் தூக்கி வேனில் ஏற்றுவது சிகிச்சை இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதை சார்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் மனநோயாகவே கருதுகிறது; எனவே மனநோயாளிக்குள்ள உரிமைகள் உங்கள் மகனுக்கும் உண்டு. வயது வந்தவருக்கு அவர் ஒப்புதலோடுதான் சிகிச்சை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலை, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை போன்றவை இருந்தால் மட்டும், இரு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்துச் சொன்ன பிறகு, 30 நாள்வரை ஆதரவுடன் கூடிய சேர்க்கைக்கு 89ஆம் பிரிவு இடம் தருகிறது. சங்கிலியால் கட்டுவதை எந்தச் சூழ்நிலையிலும் சட்டம் அனுமதிப்பதில்லை. எந்த மையமானாலும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறதா, மனநல மருத்துவர் நேரில் வருகிறாரா, வீட்டுக்கு அனுப்பிய பிறகு மருந்து தொடருமா என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் அந்த மையம் வேண்டாம்.

மருத்துவமனைக்குப் போனால் போலீஸுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தால்தான் பலர் வராமலே இருக்கிறார்கள். நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவரின் சட்டபூர்வக் கடமை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ பிரிவு இருக்கிறது. பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கியவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு ரத்தாகலாம். விற்றவர்களுக்கு இது பொருந்தாது. ‘நண்பர்களுக்கும் வாங்கித் தருகிறான்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் தனியாகப் பேசிவிடுங்கள்.

கால்கட்டு போட்டுவிட்டால் திருந்திவிடுவான் என்று உங்கள் அண்ணன் பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறாராம். அதை நிறுத்தச் சொல்லுங்கள். தெரியாமல் பாலில் மருந்து கலப்பதும் தெரியாமல் ஒரு பெண்ணை இதில் சேர்ப்பதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகின்றன.

இனி இந்த வாரம் செய்ய வேண்டியவை. உங்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். பியூப்ரனார்ஃபின் சாதாரண மருந்துக் கடையில் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற மையங்களில்தான் தருவார்கள். எனவே ‘பியூப்ரனார்ஃபின் சிகிச்சை உண்டா’ என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மாற்று மருந்து மையங்கள் ஊசி போட்டுக்கொள்வோருக்கானவை. உங்கள் மகனுக்கு அவை பொருந்தா. போதை மீட்புக்கான கட்டணமில்லா எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம். கூச்சப்பட வேண்டாம். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, அபின் வகைப் போதைக்கு உதவி தேவைப்படுகிறவர்கள் நம் நாட்டில் சுமார் 77 லட்சம் பேர். அந்த வரிசையில் உங்களைப்போல எத்தனையோ தாய்மார்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

அதுவரை இரவில் ஒன்றைக் கவனியுங்கள். அவன் தூங்கும்போது வழக்கமில்லாத கொரகொரப்பான குறட்டை, நீலம் பாய்ந்த உதடு, தட்டி எழுப்பினாலும் எழாமல் நெடுநேரத்துக்கு ஒருமுறை மூச்சு என்று கண்டால், ‘தூங்கட்டும்’ என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108க்கு அழைத்து, என்ன மாத்திரை என்று சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நலாக்ஸோனை வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா, எப்படிக் கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மகனிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் காலையில் மாத்திரை போட்டு உடம்பு அடங்கியிருக்கும் நேரம் பார்த்து, அந்த நோட்டை அவன் முன்னால் வையுங்கள். நால்ட்ரெக்ஸோன் பக்கத்தையும் மறைக்க வேண்டாம். ‘உனக்குத் தெரியாமல் கலக்க நினைத்தேன், கலக்கவில்லை. இனியும் கலக்க மாட்டேன். இதில் எது உனக்குப் பொருந்தும் என்று டாக்டரிடம் இருவரும் சேர்ந்து கேட்போம், வருகிறாயா?’ என்று கேளுங்கள். அன்றே சம்மதிக்க மாட்டான். கோபப்படவும் கூடும். இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். அவன் வராவிட்டாலும் நீங்கள் மட்டுமாவது போய்ப் பாருங்கள். குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை உண்டு. போகும்போது நோட்டையும் அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போய், அட்டையை மருத்துவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.